கொடையா? அடைக்கலமா? – தொங்காரிரோ மலைப்பூங்கா பிறந்த வரலாறு

கொடுத்தல் என்னும் தொழிலுக்கு உரிய சொற்கள் மூன்றினைத் தொல்காப்பியர் எடுத்து ஓதுகின்றார். ஈ, தா, கொடு என்பன அவை. சொல்லதிகாரத்து எச்சவியலிலே அவற்றுக்கு அவர் இடமும் வகுத்துள்ளார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் ‘ஈ’ என்பான். ஒத்தவன் ஒத்தவனிடம் ‘தா’ என்பான். உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் ‘கொடு’ என்பான். பொருள் கைமாறுவது மூவிடத்தும் ஒன்றுதான். ஆயினும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தே கேட்பவன் யார், அளிப்பவன் யார், இருவருக்கும் இடையே உள்ள உறவு யாது என்பன விளங்கிவிடும்.

இச்சூத்திரங்களைப் பல்லாண்டு கற்பித்து வருகின்றேன். இலக்கண விதி ஏட்டளவில் நிற்பது, உலக வாழ்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கருதுவோர் உளர். அவர்களுக்கு விடையாக ஒரு மலையின் வரலாற்றைச் சொல்லலாம். கொடுத்தலைக் குறிக்கும் ஒரு சொல்லைக் கொடுத்தவர் ஒருவாறும் பெற்றவர் வேறொருவாறும் கொண்டனர். அதனால் எழுந்த வழக்கு நூறாண்டு கடந்தும் ஓயவில்லை.

அம்மலை நியூசிலாந்து நாட்டின் வடதீவின் நடுவே உள்ளது. மலை என்று ஒருமையிற் கூறினும் அவை மூன்று. ருவாபெகு 2,797 மீற்றர் உயரமுடையது. வடதீவின் மிக உயர்ந்த சிகரம் அதுவே. அதற்கு வடக்கே கூம்பு வடிவாய் நிற்பது ஙாவுருஹோயி. அதனையும் அடுத்து நிற்பது 1,967 மீற்றர் உயரமுடைய தொங்காரிரோ. மூன்றும் எரிமலைகள். தமிழிலே தனித்து மொழிமுதலாக நில்லாத ஙகரம், அந்நாட்டுப் பழங்குடியினராகிய மாவோரி மக்களின் மொழியில் மலைக்கும் மக்களுக்கும் பெயராய் முதலில் நின்று ஒலிக்கின்றது. நமக்கு அது புதுமையாயினும் நாவுக்கு அருமையன்று.

தொங்காரிரோ என்னும் பெயருக்கு மாவோரியர் ஒரு வரலாறு கூறுவர். கடல் கடந்து ஓடத்தில் வந்த அவர்தம் முன்னோருள் ஙாதொரோயிராங்கி என்னும் குருவானவர் ஒருவர். அவர் இம்மலையில் ஏறியபோது பனியும் தென்காற்றும் அவரைக் கொல்ல முற்பட்டன. தம் தாயகமாகிய ஹவாயிக்கியிலிருந்த உடன்பிறந்தாளரை நோக்கித் தீ அனுப்புமாறு அவர் கூவினார். தீ கடலடியே ஓடிவந்து சிகரத்தில் வெடித்தெழுந்தது. அவர் பிழைத்தார். ‘தொங்கா’ தென்காற்று, ‘ரிரோ’ கொண்டுபோகப்பட்டமை. தென்காற்றிலே அவர் குரல் சென்ற இடம் என்பது பெயரின் கருத்து. இன்னொரு கதையும் உண்டு. பிகங்கா என்னும் எழில்மலையை விரும்பி மலைகள் தம்முட் பொருதனவாம். தோற்ற தாரனாக்கி என்னும் மலை மேற்கே கடலோரம் வரையும் ஓடிப்போயிற்று. அது நிலத்தைக் கீறிச் சென்ற சுவடுதான் வங்கனுயி ஆறு.

இக்கதைகளைக் கேட்டுச் சிரிப்பவர் சிரிக்கலாம். குன்றுதோறாடும் குமரனை வணங்குகின்ற நாம் சிரித்தல் தகாது. அம்மக்களுக்கு மலை உயிருடையது, முன்னோன் ஆவது. அதன் உச்சியிலே ‘தாபு’ உறைகின்றது. சங்கப் புலவர் ‘அணங்கு’ என்று அஞ்சிப் போற்றியது எதுவோ, ஏறத்தாழ அதுவே தாபு. 1839ஆம் ஆண்டிலே பிட்வில் என்னும் ஆங்கிலேயர் தடையை மீறி ஙாவுருஹோயியில் ஏறினார். அதனை அறிந்த தலைவர் மனனுயி பெருஞ்சினங் கொண்டார். வந்தவர் கண்டது கல்லும் சாம்பலும். தலைவர் கண்டது குலத்தின் தலை மிதிக்கப்பட்டமை.

தௌபோ ஏரியைச் சூழ்ந்து வாழும் தூஃபாரெதோவா குலத்தாரின் பெருந்தலைவர் இந்த மனனுயி. தே ஹெவுஹெவு என்பது அத்தலைமைக் குடியின் பட்டப்பெயர். 1840ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி, வைதாங்கி என்னுமிடத்திலே ஆங்கில முடியின் சார்பில் ஹொப்சனும் மாவோரித் தலைவர் பலரும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மனனுயி அதில் ஒப்பமிட மறுத்துவிட்டார்.

அந்த உடன்படிக்கை இரு மொழிகளில் எழுதப்பட்டது. ஆங்கிலப் படியிலே, தலைவர்கள் தம் இறைமை முழுவதையும் அரசியாருக்கு ஒப்புவித்தனர் என்று உள்ளது. மாவோரிப் படியிலோ, அவர்கள் அளித்தது ‘காவனதங்கா’. அஃதாவது ஆளுநர் செய்யும் ஆட்சிமுறை. தம் நிலத்தின்மேலும் ஊரின்மேலும் உள்ள தலைமை தம்மிடமே நிற்கும் என்று அடுத்த பிரிவு உறுதி கூறுகின்றது. அளித்தல் என்பதற்கு அங்கே வழங்கிய சொல் ‘துக்கு’. இச்சொல்லை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

கையொப்பமிடும் வேளையிலே வில்லியம் கொலென்சோ என்னும் மதகுரு-அச்சகத்தார் இடைமறித்து, தாம் ஒப்பமிடுவது இன்னதென்று இத்தலைவர்கள் உணர்ந்துள்ளனரா என்று ஹொப்சனிடம் கேட்டார். மாவோரிப் படியை அச்சிட்டவரும் அவரே. இந்தக் கொலென்சோவைத் தமிழர் மறத்தலாகாது. 1830களில், வாங்காரே என்னும் ஊருக்கு அணித்தாக மாவோரியர் உருளைக்கிழங்கு அவிக்கும் கலமாக வைத்திருந்த வெண்கலப் பொருளொன்றை அவர் கண்டெடுத்தார். அது ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி. அதிலே பொறித்திருந்தது தமிழ் எழுத்து. முகையதீன் வக்குசு என்பாரின் கப்பல் மணி என்பது செய்தி. வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா நூதனசாலையில் அது உள்ளது. பொருள் கைமாறும்போது அதன்மேலுள்ள எழுத்தைப் படிக்க அறியாதார் கையிலே மணியும் அடுகலம் ஆகும். உடன்படிக்கைக்கு நேர்ந்ததும் அத்தகையதே என்று சொல்லலாம்.

1846இலே மலைச்சரிவு ஒன்று தே ராப்பா என்னும் ஊரை மூடியது. மனனுயியும் அவருடன் ஐம்பதுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். அவர் என்புகளைப் பின்னர் தொங்காரிரோவின் சாரலுக்கே கொண்டு சென்றனர். மலை, குலத்தின் ஈமத்தாழியும் ஆயிற்று. அவர் மகன் தந்தையின் முடிவை நினைந்து ஹொரோநுகு என்ற பெயரைத் தாங்கினார். ‘நிலச்சரிவு’ என்பது அதன் பொருள். இவரே 1862இலே நான்காம் தே ஹெவுஹெவுவாகத் தலைமை எய்தியவர். நம் வரலாற்றின் நாயகர்.

அவர் தலைமை ஏற்ற காலம் நல்ல காலமன்று. குடியேறியோர்க்கும் மாவோரியர்க்கும் போர் மூண்டது. 1869இலே ஹொரோநுகு, அரசை எதிர்த்த தே கூத்தி என்பவரின் பக்கத்திற் காணப்பட்டார். தோல்விக்குப் பின் சரணடைந்தார். அரசின் ஐயப்பார்வைக்கு உட்பட்ட தலைவர் அவர். போரினும் கொடியது ஒன்று பின்னே வந்தது. அது நிலநீதிமன்றம். குலம் முழுவதற்கும் பொதுவாயிருந்த நிலத்தை ஆள்வாரியாகப் பெயர் குறித்து உரித்தாக்குவது அதன் தொழில். பெயருக்கு உரித்தான பங்கு விலைக்கும் உரித்தாகும். நில அளவைச் செலவுக்கும் வழக்குச் செலவுக்குமாக விற்றுத் தீர்ந்த நிலங்கள் பல. வாளால் வெல்லாத நிலத்தைத் தாளால் வென்றனர்.

1886இல் தௌபோவிலே அப்பகுதி நிலங்கள் விசாரணைக்கு வந்தன. அரசின் பக்கம் நின்று போரிட்ட மேஜர் கெம்ப் என்னும் மாவோரித் தலைவரும் அங்கே உரிமை கோரினார். நிலத்தில் அணையாது தீ வளர்த்தவனே நிலத்துக்கு உரியவன் என்பது மாவோரியர் மரபு. ‘உன் தீ எங்கே?’ என்ற வினா எழுந்தபோது, ஹொரோநுகு புகைந்து நின்ற எரிமலையைச் சுட்டி, தம் குலத்தின் தீ அதுவே என்று காட்டினாராம். செவிவழி வந்த கதை அது. மன்றத்தில் வென்றாலும் அவருடைய அச்சம் தீரவில்லை. இன்று சிகரம் தமக்கென்று தீர்ப்பாகலாம். நாளை அது கூறு கூறாகி, ஆடு மேய்ப்போர்க்கும் வணிகர்க்கும் போய்விட்டால் முன்னோர் முகத்தில் எங்ஙனம் விழிப்பது?

அவர் மருமகன் லோரன்ஸ் கிரேஸ் பாராளுமன்ற உறுப்பினர். மலைகளை அரசியாரின் காவலில் புனித இடமாக வைத்துவிட்டால் எவரும் கூறுபோட இயலாது என்று அவர் வழிகாட்டினார் என்பர். இவ்வுரையாடல் அச்சில் வந்தது நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1927இலே ஜேம்ஸ் கவன் எழுதிய நூலில். ஆகவே அதனைச் சொல்லுக்குச் சொல் நம்புதல் வேண்டுவதில்லை. அரசுக்கும் அந்நிலத்தின்மேல் விருப்பம் முன்னரே இருந்தது. முன்னாட் பிரதமர் வில்லியம் பொக்ஸ், 1872இல் அமெரிக்காவிலே யெலோஸ்டோன் பூங்கா அமைந்ததைக் காட்டி, வெந்நீரூற்று நிலங்களை அரசு தன்வசம் ஆக்குதல் நன்றென்று 1874இலேயே எழுதியிருந்தார். மாவோரியர் விவகார அமைச்சர் ஜோன் பலன்ஸும் இதில் ஊக்கங் காட்டினார்.

1887ஆம் ஆண்டு செப்தெம்பர் 23ஆந் திகதி ஹொரோநுகு சாசனத்தில் ஒப்பமிட்டார். சிகரங்களைச் சூழ்ந்த 6,518 ஏக்கர் நிலம் முடியின் காவலுக்குச் சென்றது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். நியூசிலாந்தின் முதலாவது தேசியப் பூங்கா இங்ஙனம் கருக்கொண்டது. யெலோஸ்டோன் அரசு தானாக வரைந்துகொண்ட பூங்கா. தொங்காரிரோவோ, மண்ணின் மக்கள் கையிலிருந்து வந்த நிலத்தின்மேல் எழுந்தது.

இதனைக் கேட்கும் தமிழ் மாணவர் உடனே பாரியை நினைப்பர். நூல்களும் ஹொரோநுகுவை வள்ளலாகவே நெடுங்காலம் வருணித்தன. ‘மகத்தான நன்கொடை’ என்பது பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த தொடராயிற்று. பாரி ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். பறம்பினைச் சூழ்ந்த மூவேந்தரிடம் பாரி அதனை இழந்தான். ஹொரோநுகு தம் மலையை இழவாமற் காத்தற்பொருட்டு அளித்தார்.

இங்கேதான் அந்தச் சொல் வருகின்றது. அவர் செய்தது ‘துக்கு’. ஆங்கிலேயர் அதனைக் கொடை என்று மொழிபெயர்த்தனர். ஆங்கிலச் சட்டத்திலே கொடை என்றால் கொடுத்தவனுக்கு அப்பொருளில் மேல் உரிமை யாதும் இல்லை. மாவோரியர் வழக்கில் அப்படியன்று. வந்தவனுக்கு நிலத்தைத் ‘துக்கு’ செய்தால் அவன் அதிலே வாழலாம், பயன் கொள்ளலாம். தந்தவனுக்கும் அவனுக்கும் உள்ள பிணைப்பு தொடரும். தந்தவன் தலைமை அற்றுப்போகாது. சிகரங்களை விக்டோரியா மகாராணியாரோடு உடனிருந்து காப்பதே ஹொரோநுகுவின் கருத்து. தொல்காப்பியர் நெறியிற் சொன்னால் அது ‘தா’ என்னும் உறவில் நிகழ்ந்தது. ஒத்தவர் இருவரிடையே நிகழ்ந்தது. அரசோ ‘கொடு’ என்ற உறவிலே அதனைப் பெற்றுக்கொண்டது.

1894இலே பூங்காச் சட்டம் நிறைவேறியது. அறங்காவலருள் ஒருவராக ஹொரோநுகுவின் மகனுக்கு இடம் கிடைத்தது. ஏனையோர் அமைச்சரும் அரசாங்க அலுவலருமாவர். உடனிருந்து காக்க எண்ணிய குடிக்குப் பலருள் ஓர் ஆசனம்! 6,518 ஏக்கரிலே தொடங்கிய பூங்காவை, விலைக்கு வாங்கியும் சட்டத்தின் வலியால் எடுத்தும் அரசு மேன்மேலும் விரித்தது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 80,000 ஹெக்டேயர். எனவே பூங்கா முழுவதும் ஒருவர் தந்த கொடை என்பதும் சரியன்று. ருவாபெகுவின் தெற்குச் சாரலில் வாழும் ஙாதி ராங்கி முதலிய குலத்தாருக்கும் அம்மலையே முன்னோன். அவர்கள் பெயர் அக்கொடைக் கதையில் இடம்பெறவில்லை.

காவல் எவ்வாறு நடந்தது? 1912 தொடக்கம் ஜோன் கலன் என்பவர், வேட்டைக்குரிய பறவைகளை வளர்க்கும் நோக்கத்தோடு, ஸ்கொத்லாந்து நாட்டு ஹெதர்ச் செடியைப் பூங்காவிற் பரவலாக விதைத்தார். பறவைகள் நிலைக்கவில்லை; செடி நிலைத்துவிட்டது. மண்ணுக்குரிய புல்லையும் புதரையும் அது நெருக்கிற்று. அதனைத் தின்னும் வண்டினத்தை 1996இலே கொணர்ந்து விடவேண்டியதாயிற்று. 1929இலே ருவாபெகுவின் அடிவாரத்திற் பெரும் விடுதியொன்று எழுந்தது. பனிச்சறுக்கு விளையாட்டும் பெருகிற்று. இவையெல்லாம் தீயவை என்று நான் கூறவில்லை. மலையழகைக் காண மக்கள் வருவது நன்றே. ஆனால் தாபு உறையும் இடத்திலே எது தகும், எது தகாது என்று உரியவரைக் கேட்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்ததில்லை.

கேட்டபோது விளைந்த நன்மைக்கும் ஒரு சான்று உண்டு. ருவாபெகுவின் உச்சியில் எரிமலை வாய்க்குள் ஓர் ஏரி இருக்கின்றது. 1953ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆந் திகதி இரவு அவ்வேரியின் கரை உடைந்தது. சேறும் கல்லும் கலந்த வெள்ளம் தாங்கிவாய் என்னுமிடத்து இரயிற் பாலத்தைச் சிதைத்தது. நத்தார் விடுமுறைக்குச் சென்றோர் நிறைந்த புகையிரதம் ஆற்றில் வீழ்ந்து 151 பேர் மாண்டனர். 1995, 1996 ஆகிய ஆண்டுகளின் வெடிப்புக்குப் பின் ஏரி மீண்டும் நிரம்பலாயிற்று. இயந்திரங்களைக் கொண்டு கரையை வெட்டி நீரை வடித்துவிடலாம் என்று பலர் வற்புறுத்தினர். உச்சியில் வெட்டுதல் தகாது என்பது அங்குள்ள குலத்தாரின் நிலை. அரசு அதற்குச் செவிசாய்த்தது. மலையை வெட்டாமல் எச்சரிக்கைக் கருவிகளை அமைத்தது. 2007ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் திகதி கரை உடைந்து வெள்ளம் வந்தது. எச்சரிக்கை முன்னே சென்றது. வீதியும் புகையிரதமும் நிறுத்தப்பட்டன. ஓர் உயிரும் போகவில்லை. மலையை மதித்தலும் மக்களைக் காத்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

உலகமும் மெல்ல உணர்ந்தது. 1990இலே யுனெஸ்கோ தொங்காரிரோவை அதன் இயற்கைச் சிறப்புக்காக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1993இலே, மக்களும் மலையும் கொண்ட உறவுக்காக மீண்டும் அதனைப் பட்டியலிட்டது. பண்பாட்டு நிலக்காட்சி என்ற புதுவகையிலே இடம்பெற்ற முதலாவது இடம் இதுவே. ஹொரோநுகுவின் வழிவந்த துமு தே ஹெவுஹெவு, 2007இலே அவ்வுலக மரபுரிமைக் குழுவுக்கே தலைமை வகித்தார்.

பின்னர் 2013இலே வைதாங்கி நியாயசபை தன் நீண்ட அறிக்கையை வெளியிட்டது. உடன்படிக்கை மீறல்களை ஆராய 1975இல் நிறுவப்பட்ட சபை அது. ஹொரோநுகுவின் துக்கு ஆங்கிலச் சட்டம் கூறும் கொடையன்று, முடியோடு கூட்டுக் காவலுக்கு விடுத்த அழைப்பு என்று சபை கண்டது. அவ்வழைப்புக்கு முடி உரியவாறு நடந்துகொள்ளவில்லை என்றும் கூறியது. பூங்காவை எவரும் விற்கவியலாத தனி உரித்தாக்கி, அரசும் குலத்தாரும் சேர்ந்து ஆளவேண்டும் என்பது அதன் பரிந்துரை. 2018இலே தூஃபாரெதோவா குலத்தாரின் ஏனைய நிலக்குறைகளைத் தீர்க்கச் சட்டம் பிறந்தபோது, மலைகளின் விடயம் தனியே பேசுதற்கு ஒதுக்கப்பட்டது. இதற்கிடையே அந்நாட்டுச் சட்டம் வேறு மூன்றிடத்து வியத்தகு படி ஏறிவிட்டது. 2014இல் தே உரேவேரா என்னும் கானகமும், 2017இல் வங்கனுயி ஆறும், 2025இல் தாரனாக்கி மலையும் தமக்குத் தாமே உரிய சட்ட ஆட்களாக ஏற்கப்பட்டன. கதையிலே காதலில் தோற்று ஓடிய தாரனாக்கி சட்டத்திலே முந்திக்கொண்டது. அது ஓடிய சுவடாகிய ஆறும் முந்திக்கொண்டது. தொங்காரிரோ காத்திருந்தது.

துக்கு என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் யாது என்று எண்ணிப் பார்த்தேன். ஈகை ஆகாது, அது இரப்போர்க்கு அளிப்பது. கொடை என்றாலும் அளித்தவன் விலகிவிடுகின்றான். அளித்த பின்னும் அளித்தவனுக்கு உரிமை நீங்காமலும், பெற்றவனுக்குப் பொறுப்பே மிகுந்தும் நிற்கின்ற சொல் ஒன்று நம்மிடம் உண்டு. ‘அடைக்கலம்’ என்பது அது. சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் அடைக்கலமாக வைத்தார். மாதரி அவளைத் தன் உடைமை என்று எண்ணவில்லை, மகளெனப் பேணினாள். அடைக்கலம் காத்தற்கு இயலாது போனபோது, தான் யாதொரு தீங்கும் செய்யாதவளாயிருந்தும், தீயிற் புகுந்து உயிர் துறந்தாள். அடைக்கலம் ஏற்றல் அத்துணைப் பெரிய பொறுப்பு.

ஹொரோநுகு தம் முன்னோனை அடைக்கலம் வைத்தார். ஏற்றவர் அதனைச் சொத்து என்று பதிந்துகொண்டனர். பதிவேட்டில் எழுதிய சொல்லை மாற்றுவதற்கு 126 ஆண்டுகளின் பின் ஒரு நியாயசபை வேண்டியிருந்தது. அப்பூங்காவிற்குச் செல்வோர் பனியையும் பசுநீல ஏரிகளையும் கண்டு மகிழ்வர். அவற்றோடு, அங்கே வைக்கப்பட்டுள்ள அடைக்கலத்தையும் அவர்கள் அறிந்து நடத்தல் வேண்டும். தீயை வேண்டிப் பெற்ற மலை அது. இன்றும் உள்ளே கனன்றுகொண்டுதான் இருக்கின்றது.